ஐந்து கால் ஈ

காலையில் வேலைக்கு வந்ததும் நப்பின்னை முதலில் செய்வது, ஈக்களைக் குளிர்பெட்டியில் வைத்து மயக்கம் போட வைப்பது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, இடப்பக்கத்துப் பின்னங்காலைச் சின்னக் கத்தரியால் நறுக்கி, காலை ஒரு குழாயிலும் ஈயை ஒரு குப்பியிலும் போடுவாள். கால் இயந்திரத்துக்குள் போகும். ஈ மயக்கம் தெளிந்து, முடிவுக்காகக் குப்பிக்குள் காத்திருக்கும். நல்ல முடிவு வந்தால் அதை வெளியே விட்டுவிடுவார்கள். ஆறு காலில் ஒன்று போனால் ஈக்குக் குடி முழுகிவிடாது. கெட்ட முடிவு வந்தால் ஈயோடு சேர்த்து அது பிறந்த தோட்டமும் போய்விடும்.

முதற்குடையில் இது தினசரி நடப்பதுதான். யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. அந்த ஊரில் சாப்பாட்டுத் தட்டில் ஈ வந்து உட்கார்ந்தால், அடிக்கக் கை ஓங்கியவர்கள் முதலில் அதன் காலை எண்ணுவார்கள். ஐந்து கால் என்றால் சோதித்து விடப்பட்ட ஈ, உள்ளூர் ஈ, நம்பலாம். ஓங்கிய கையைக் கீழே போட்டுவிட்டு, போ போ என்று மெல்ல விரட்டிவிடுவார்கள். ஆறு கால் என்றால் ஒரே அடி. குழந்தைகளுக்கு எண்ணச் சொல்லிக் கொடுப்பதே அங்கே ஈயின் காலை வைத்துத்தான். ஆகையால் ஐந்து என்றதும் நிம்மதியும் ஆறு என்றதும் ஒரு பயமும் அவர்களுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடும்.

குடை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க் கோளின் ஒரு பள்ளத்தாக்கில், காற்று வெளியே போய்விடாமல் கண்ணாடிக் கூரை கவிழ்த்துக் கட்டிய ஊருக்குக் குடை என்று பெயர். அங்கே இரண்டு குடைகள். முதல் கப்பலில் வந்தவர்கள் கட்டியது முதற்குடை. சில வருஷம் கழித்து அடுத்த கப்பலில் வந்தவர்கள் கட்டியது இரண்டாங்குடை. இரண்டு கப்பலும் புறப்பட்டது ஒரே தளத்திலிருந்து. ஏறியவர்கள் பேசியது ஒரே தமிழ். மூட்டை கட்டிக்கொண்டு வந்தது ஒரே புழுங்கலரிசி, ஒரே நார்த்தங்காய் ஊறுகாய். ஆனாலும் முந்தி வந்தவர்களுக்கு, நாங்கள் முந்தி வந்தோம் என்ற நினைப்பு இருக்கத்தானே செய்யும்? மூன்று தலைமுறை போய்விட்டது. வந்தவர்கள் எல்லாரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். நினைப்பு மட்டும் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு கப்பலிலும் யாருக்கும் தெரியாமல் பழத்துக்குள் முட்டையாக வந்து சேர்ந்தவைதான் இந்தப் பழ ஈக்கள். முதற்குடையார் தங்கள் ஈக்குக் கோடன் என்று பெயர் வைத்தார்கள். இரண்டாங்குடையிலிருந்து வருவது வரியன். இரண்டும் மஞ்சள் உடம்பு, இறக்கையோரத்தில் கறுப்புக் கோடு. உருப்பெருக்கியில் வைத்து நாள் முழுக்கப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் குணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் என்று முதற்குடைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். கோடன் சாது, கீழே விழுந்து அழுகிய பழத்தில்தான் முட்டை வைக்கும். வரியன் பொல்லாதது, பிஞ்சைத் துளைக்கும், மரத்தையே மலடாக்கிவிடும். இரண்டாங்குடைப் பள்ளிக்கூடத்திலும் இதே பாடம் இருந்தது. அங்கே சாது வரியன், பொல்லாதது கோடன். அவ்வளவுதான் மாற்றம்.

வரியன் ஒரு தோட்டத்தில் இருப்பது உறுதியானால் முதற்குடையின் விதி ஒன்றே ஒன்றுதான்: சூடேற்றல். அந்தத் தோட்டத்தைச் சுற்றித் தடுப்புச் சுவர் இறங்கும். உள்ளே சூடு ஏறும். ஈ, முட்டை, இலை, மரம், மண்புழு என்று உயிருள்ள எதுவும் மிஞ்சாத வரை ஏறும். பிறகு சுவர் மேலே போனால், உள்ளே சுட்ட செங்கல் நிறத்தில் மண் இருக்கும். அந்த மண்ணில் மறுபடி ஏதாவது முளைக்கப் பல வருஷம் ஆகும்.

கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான் இனங்காட்டி என்ற இயந்திரம். ஓர் உயிரின் மரபிழை, நான்கே எழுத்துகளை வைத்து எழுதிய மிக நீண்ட வாசகம். கோடனின் வாசகமும் வரியனின் வாசகமும் ஏறக்குறைய முழுக்க ஒன்று. அங்கங்கே சில இடங்களில் மட்டும் எழுத்து மாறும். அந்த இடங்களுக்கு மரபுக்குறி என்று பெயர். இயந்திரம் வேகமாக வேலை செய்ய வேண்டும் என்பதற்காக, அந்தக் காலத்திலேயே யாரோ மூன்று குறிகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தார்கள். மூன்றில் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பெயரை அது திரையில் காட்டும். அதற்குத் தெரிந்தது கோடன், வரியன் என்ற இரண்டே சொல்தான். மூன்றாவதாக ஒரு சொல் வேண்டுமா என்று அதை யாரும் கேட்டதில்லை.

இரண்டு குடைகளுக்கும் நடுவே இருக்கும் சுரங்கப் பாதையின் முதற்குடை முனையில் நப்பின்னையின் அலுவலகம். ஊரார் அதைப் பூச்சிவாசல் என்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்க, ஈ ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு ரோபோ அவர்கள் சட்டைக் காலரையும் காதுமடலையும் ஊதிப் பார்க்கும். உள்ளூர்த் தோட்டக்காரர்கள் தங்கள் பொறியில் விழுந்த ஈக்களைக் கொண்டுவந்து கொடுத்துச் சோதித்துக்கொண்டு போவார்கள். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்கு நிற்பவர்கள் முகம் போலத்தான் அவர்கள் முகமும் இருக்கும். உடையம்மைக்கு மட்டும் அந்தப் பயம் கிடையாது.

உடையம்மை கொய்யாத் தோட்டக்காரி. உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்கும் கொய்யா. அதை வெட்டினால் வாசனை பக்கத்துத் தெருவுக்குப் போகும். கணவர் போன பிறகு தனியாளாக வளர்த்த மரங்கள். ஒரே மகன் சேந்தன், தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையாக இரண்டு குடைக்கும் போய் வருகிறவன். அந்த மரங்களுக்கு நடுவே பந்தல் போட்டுத்தான் அவன் கல்யாணம் என்பது உடையம்மையின் பல வருஷக் கனவு. பூச்சிவாசலுக்கு வரும்போதெல்லாம் நப்பின்னையிடம் அதைச் சொல்லாமல் போகமாட்டாள். பெண் இன்னும் அமையவில்லை, பந்தல் போடும் இடம் மட்டும் முடிவாகிவிட்டது என்று நப்பின்னை கேலி செய்வாள்.

அன்றைக்கும் கொய்யா இரண்டை மேசைமேல் வைத்துவிட்டு, பந்தலுக்கு எந்த மரத்துக் கிளையைக் கழிக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தாள். இயந்திரம் ஒரு சத்தம் போட்டது. திரையில் வரியன் என்று வந்திருந்தது.

உடையம்மை அதைப் படித்தாள். பதறவில்லை. கடையில் கணக்குத் தப்பாகப் போட்டவனைப் பார்ப்பதைப் போல இயந்திரத்தைப் பார்த்தாள்.

"மெஷின்ல ஏதோ கோளாறு. மறுபடி ஒரு தடவை போட்டுப் பாருங்க ஆபீசரம்மா."

நப்பின்னை மறுபடி போட்டாள். வேறு ஈயின் காலையும் போட்டாள். வரியன், வரியன். உடையம்மை நாற்காலியில் உட்கார்ந்தாள். நப்பின்னை இந்தத் தோட்டத்துக் கொய்யாவைச் சாப்பிட்டு வளர்ந்தவள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். உடையம்மை அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"நான் ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. பாத்தா ஒரே மாதிரி இருக்கு. பறக்கறது ஒரே மாதிரி. திங்கறதும் அதே கொய்யாதான். உள்ள எங்கேயோ ஒரு எழுத்து மாறியிருக்குன்னு மெஷின் சொல்லுதாம். அந்த ஒரு எழுத்துக்காக என் மரத்தையெல்லாம் வேக வெப்பீங்களா? உங்களுக்கே நல்லா இருக்கா?"

நப்பின்னை விதியைச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

உடையம்மை போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. நப்பின்னை பூச்சிகளைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவள். இரண்டு உயிர்கள் ஒரே இனமா, வேறு வேறா என்பதற்கு எழுத்து பார்ப்பதைவிடப் பழைய சோதனை ஒன்று உண்டு என்பது அவளுக்குத் தெரியும். இரண்டையும் ஒரே கூண்டில் விட்டுவிட வேண்டும். சேர்ந்து குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சுகளும் வளர்ந்து குஞ்சு பொரித்தால் ஒரே இனம். இல்லையென்றால் வேறு. அதாவது, உயிர்களையே கேட்டுவிடுவது. மூன்று தலைமுறையாக இதை யாரும் செய்து பார்க்கவில்லை. உயிருள்ள வரியனைக் கோடன் பக்கத்தில் விடுவதா என்ற அருவருப்புதான் காரணம்.

அவள் தன் மேலதிகாரி அருளப்பனிடம் போனாள். அருளப்பன் நிதானமான மனிதர். சாப்பாட்டுக்கு முன்னால் எந்த முடிவும் எடுக்கமாட்டார்; சாப்பிட்ட பிறகு தள்ளி வைத்துவிடுவார். வீட்டு முற்றத்தில் தொட்டியில் வளர்த்த ஒரு மாமரத்தின்மேல் மட்டும் அவருக்கு உயிர். உடையம்மை தோட்டத்தின் சூடேற்றலைத் தள்ளிவைக்கச் சொல்லி நப்பின்னை கேட்டபோது அவருக்குப் பிடித்த சொல்லே அதில் இருந்தது. தோட்டத்தை வலை போட்டு மூடிவிட்டு, கூண்டைப் பூட்டி வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளச் சொன்னார்.

அப்படியே செய்தார்கள். கொய்யா மரங்கள் வலைக்குள் போயின. உடையம்மை தினமும் வலைக்கு வெளியே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, பழங்கள் பழுத்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போகக் கூடாது, பறிக்கக் கூடாது. சாயங்காலம் பூச்சிவாசலுக்கு வந்து, ஈக்கள் என்ன சொல்கின்றன என்று கேட்பாள்.

ஈக்கள் நல்ல சேதிதான் சொல்லின. உடையம்மையின் பொறியில் விழுந்த ஆண் ஈக்களையும், ஊருக்குள் கௌரவமாகத் திரிந்த ஐந்து கால் பெண் ஈக்களையும் நப்பின்னை ஒன்றாக விட்டாள். ஆண் ஈ இறக்கையை விசிறிக்கொண்டு ஒரு சுற்று வந்தது. உன் பாட்டன் எந்தக் கப்பலில் வந்தான் என்று பெண் ஈ கேட்கவில்லை. முட்டை வந்தது, புழு வந்தது, கூட்டுப்புழு வந்தது, ஈயும் வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பிறந்தன. பேரப்பிள்ளைகள் கூண்டின் கூரையெல்லாம் மொய்த்தபோது நப்பின்னைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஈயைப் பார்த்து அழுகிற ஆளா நாம் என்று தன்னையே கேலி செய்துகொண்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் ஒரு வேலை செய்தாள். மூன்று இடங்களை மட்டும் படிக்காமல், இருக்கிற எல்லா மரபுக்குறிகளையும் படிக்கும்படி இனங்காட்டிக்குச் சொன்னாள். ஊரின் எல்லாத் தோட்டத்து ஈக்களையும் அதற்குக் கொடுத்தாள். வந்த முடிவை அவள் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள்.

முதற்குடையில் சுத்தமான கோடன் ஒன்றுகூட இல்லை. சுத்தமான வரியனும் இல்லை. ஒவ்வோர் ஈயிலும் சில இடத்தில் கோடன் எழுத்து, சில இடத்தில் வரியன் எழுத்து. சுரங்கப் பாதை திறந்த நாளிலிருந்தே அவை சட்டைக் காலரிலும் பழக்கூடையிலும் ஏறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ச் சம்பந்தம் செய்துகொண்டிருந்தன. மூன்றே இடத்தைப் பார்க்கும் இயந்திரம், அந்த மூன்றில் எது அதிகமாக விழுந்ததோ அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறது. சூதாட்டம்தான். அதில் தோற்ற தோட்டங்கள் வெந்துபோயின. வெந்துபோன ஒவ்வொரு தோட்டக்காரர் முகமும் நப்பின்னைக்கு ஞாபகம் வந்தது. அன்று அவளால் சாப்பிட முடியவில்லை.

அருளப்பனிடம் சொன்னாள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, தன் வீட்டு மாமரத்தில் பிடித்த ஈயை மறுநாள் கொண்டுவந்து, யாரும் பார்க்காதபோது பழைய முறையில் போடச் சொன்னார். வரியன் என்று வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அருளப்பன் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு முடிவு எடுத்தார். ஊர்ச் சபையை உடனே கூட்டினார்.

சபைக்கு முன்னால் இருந்தது இரண்டு வழி. விதிப்படி என்றால் வரியன் எழுத்து இருக்கும் எல்லாத் தோட்டத்தையும் வேகவைக்க வேண்டும். அதாவது ஊரில் ஒரு இலை மிஞ்சாது. இல்லையென்றால் கோடனும் வரியனும் ஒரே இனம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று தலைமுறையாகப் பாடப்புத்தகத்தில் இருந்த வித்தியாசம், கொண்டுவந்து வைத்த காபி ஆறுவதற்குள் இல்லாமல் போனது. சபையில் இருந்த எல்லார் வீட்டிலும் மரம் இருந்தது. யாரும் எதிர்த்துக் கை தூக்கவில்லை. எங்களுக்கு முதலிலிருந்தே ஒரு சந்தேகம் உண்டு என்றுகூடச் சிலர் சொன்னார்கள்.

வலையைப் பிரித்த அன்று உடையம்மை ஒவ்வொரு மரத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அழுதாள், சிரித்தாள். பிறகு கொய்யாவைத் துண்டு போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, பூச்சிவாசலில் நின்று இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் கை வலிக்கக் கொடுத்தாள். ஊதிப் பார்க்கும் ரோபோவை ஓரமாக நிறுத்திவிட்டார்கள். சுரங்கப் பாதையில் சனங்கள் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்கள். ஈக்களின் கால் நறுக்குவதும் நின்றது. குழந்தைகளுக்கு இனி எதை வைத்து எண்ணச் சொல்லிக் கொடுப்பது என்பதைத் தவிர முதற்குடைக்கு வேறு கவலை இல்லை.

ஒரு மாதம் போயிருக்கும். உடையம்மை பூச்சிவாசலுக்கு வந்தாள். பட்டுப்புடவை. கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை, பாக்கு, கொய்யாப் பழம். நப்பின்னைக்கு விஷயம் பாதி தெரியும். சேந்தனும், இரண்டாங்குடையில் அவனோடு வேலை செய்யும் குழலி என்ற பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறார்கள் என்று அவனே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். அழைக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, நப்பின்னை சந்தோஷமாக எழுந்து தாம்பாளத்தை வாங்கினாள்.

வெற்றிலைக்கு அடியில் சின்னதாக இரண்டு உறைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு தலைமுடி, வேரோடு.

"ஒண்ணுமில்ல கண்ணு," என்றாள் உடையம்மை. ஆபீசரம்மா அன்று கண்ணு ஆகிவிட்டாள். "ஒண்ணு சேந்தனோடது. இன்னொண்ணு அந்தப் பொண்ணோடது. சும்மா ஒரு தடவை மெஷின்ல போட்டுப் பாத்துடேன். மனசுக்கு ஒரு திருப்தி."

ஒன்று சொல்ல வேண்டும். ஜாதகம் பார்க்கும் வழக்கம் அந்த ஊர்களில் எப்போதோ செத்துப்போனது. செவ்வாய் எந்த வீட்டில் இருக்கிறது என்று தேடினால், வீடே செவ்வாயில் இருந்தது. முதல் தலைமுறையில் வந்த ஜோசியர்கள் கொஞ்ச காலம் போராடிவிட்டுக் காய்கறி பயிரிடப் போய்விட்டார்கள். அந்த இடம் மட்டும் அதன் பிறகு காலியாகவே கிடந்தது. காலி இடத்தை மனுஷன் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பான்?

நப்பின்னை நாசூக்காகச் சொல்லிப் பார்த்தாள். இயந்திரம் இனத்தைக் காட்டத்தான்; மனுஷர் எல்லாரும் ஒரே இனம்; போட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. உடையம்மை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அது தெரியாதவளா அவள்? அந்தப் பெண் தங்கமான பெண், வேலையில் கெட்டி, முகத்தில் லட்சணம், ஒரு குறை சொல்ல முடியாது என்றும் அவளே சொன்னாள். ஆனாலும் அந்தப் பக்கத்துப் பெண்ணாயிற்றே. நாளைக்குப் பேரன் பேத்தி என்று வரும்போது ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? சொந்தக்காரர்கள் கேட்க மாட்டார்களா?

"இனம் ஒண்ணுதான் கண்ணு, நான் இல்லேங்கலை. அதுக்குள்ளயும் இருக்குமில்ல? இன்னும் கொஞ்சம் உள்ள போய்ப் பாரேன்."

நப்பின்னை வெளியே எட்டிப் பார்த்தாள். உடையம்மைக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றுகொண்டிருந்தது. பழக்கூடைகள் இல்லை, எல்லார் கையிலும் தாம்பாளம், எல்லாத் தாம்பாளத்திலும் கொஞ்சம் அதிகமாகவே வெற்றிலை. சபையில் கை தூக்காமல் இருந்தவர்களில் இரண்டு பேரும் நின்றார்கள். அருளப்பன் அவர்களுக்கு நாற்காலி போடச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு, கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாள்; வேறொரு யோசனை தோன்றியது.

"சரிக்கா, பாக்கறேன். ஆனா ஒப்பிட்டுப் பாக்க உங்க முடியும் ஒண்ணு வேணும்."

உடையம்மை சந்தோஷமாகப் பிடுங்கிக் கொடுத்தாள். நப்பின்னை மூன்று முடிகளையும் மூன்று குழாயில் போட்டாள். மனுஷ மரபிழையில் கைக்கு அகப்பட்ட மூன்று இடங்களை எடுத்து, பழைய ஈ கணக்குப்படியே இயந்திரத்துக்குச் சொன்னாள்: இந்த எழுத்து அதிகமாக இருந்தால் கோடன், அந்த எழுத்து அதிகமாக இருந்தால் வரியன். எந்த இடங்கள் என்று அவள் யோசிக்கவில்லை. இதற்கு முன்னாலும் யாரும் ரொம்ப யோசித்ததாகத் தெரியவில்லை.

இயந்திரம் பழைய சத்தத்தைப் போட்டது. திரையில் மூன்று சொற்கள் வரிசையாக வந்தன. கோடன். வரியன். கோடன்.

உடையம்மை பெருமூச்சு விட்டாள். வருத்தமும் அதில் இருந்தது. நாம் நினைத்தது சரிதான் என்ற திருப்தி அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

"நான் நினைச்சேன் கண்ணு. முகத்தைப் பாத்ததுமே எனக்குப் பட்டுச்சு, இது வேற வம்சம்னு. பாவம், நல்ல பொண்ணு. என்ன பண்றது?"

"நடுவில இருக்கறது உங்க முடிக்கா," என்றாள் நப்பின்னை. "சேந்தனும் குழலியும்தான் கோடன்."

பிள்ளைக்குப் பாதி எழுத்து தகப்பன் வழியாக வருவதால் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. வேறு மூன்று இடத்தைப் பார்த்திருந்தால் வேறு மாதிரி வந்திருக்கும். அதை அவள் விளக்கவில்லை. உடையம்மை திரையைப் பார்த்தாள், நப்பின்னையைப் பார்த்தாள், இயந்திரத்தைப் பார்த்தாள்.

"மெஷின்ல ஏதோ கோளாறு. மறுபடி ஒரு தடவை போட்டுப் பாரு."

"போடறேன்க்கா. ஆனா மறுபடியும் வரியன்னு வந்துச்சுன்னா, உங்களை வலை போட்டு மூடிட்டு வெளியில முக்காலி போட்டு உக்கார வேண்டியதுதான்."

உடையம்மை முறைத்தாள். அப்புறம் அவளால் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். வலைக்கு வெளியே உட்கார்ந்திருந்த சாயங்காலங்கள் ஞாபகம் வந்ததோ என்னவோ, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு உறைகளையும் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். நாள் பார்த்துச் சொல்வதாகவும், பந்தல் அதே மரங்களுக்கு நடுவில்தான் என்றும், நப்பின்னை முதல் நாளே வந்துவிட வேண்டும் என்றும் சொன்னாள். அந்தப் பெண் இனிமேல் எனக்கு மகள் என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே தாம்பாளத்துக் கொய்யாவின்மேல் இரண்டு ஈக்கள் வந்து உட்கார்ந்தன. ஒன்று இறக்கையை விசிறிக்கொண்டு மற்றதைச் சுற்றி வந்தது. கால் நறுக்குவதை நிறுத்தி ஒரு மாதம்தான் ஆகியிருந்ததால், பழைய ஐந்து கால் ஈக்கள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தன. உடையம்மை பேச்சை நிறுத்தாமலே கையை ஓங்கினாள். ஓங்கிய கையோடு குனிந்து, பழக்க தோஷத்தில் எண்ணினாள்.

சுற்றிக்கொண்டிருந்ததற்கு ஐந்து கால். அதை மெல்ல ஊதி விரட்டிவிட்டாள். மற்றதற்கு ஆறு. அதை மட்டும் அடித்தாள்.